கீழ்த்தாடையில் இரண்டு திருகுகள்

பல்லை இழந்து பத்து, இருபது ஆண்டுகளைக் கடத்திவிட்டவர்களுக்கு நம் ஊரில் இரண்டு விதமான பதில்களே கிடைக்கின்றன. "இவ்வளவு காலம் ஓட்டியாச்சு, இனிமேல் எதுக்கு?" என்பது வீட்டிலும் உறவிலும் சொல்லப்படுவது. எந்த வயதானாலும், பல் போய் எத்தனை ஆண்டானாலும், ஒரே நாளில் வாய் நிறையப் பற்கள் என்பது சாலையோர விளம்பரப் பலகைகள் சொல்வது. முதல் பதில் முயற்சியே வேண்டாம் என்கிறது. இரண்டாவது பதில் சில லட்சங்களைக் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட, அளவான வழி ஒன்று இருக்கிறது. பற்கள் முழுக்கப் போய்விட்ட ஒருவரின் கீழ்த்தாடையில், முன்பக்கம், இம்பிளான்ட் எனப்படும் இரண்டு டைட்டானியம் திருகுகளைப் பதித்து, பல் செட்டை அவற்றில் மாட்டிக்கொள்ளச் செய்வதுதான் அது. பல் போய்ப் பல ஆண்டுகள் ஆன பெரும்பாலானவர்களுக்கும் இது இயலும். அரசுப் பல் மருத்துவமனைகள் இதை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டும், அரசுக் காப்பீடு இதன் செலவை ஏற்க வேண்டும் என்பது என் வாதம்.

எத்தனை பேருக்கான பிரச்சினை இது என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையிலிருந்து ஊகிக்கலாம். இருபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. அறுபதைத் தாண்டியவர்களில் 23 சதவீதம் பேருக்கு இல்லை. பாதி வாயை இழந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நம்மிடையே வயதானவர்கள் பலருடைய கதை ஒரே மாதிரியானது. சொத்தை விழுந்து வலி வந்தபோது வேர்ச் சிகிச்சைக்குப் பணமோ நேரமோ இல்லை; பிடுங்குவது மலிவாக இருந்தது. ஈறு நோயால் ஆடிய பற்கள் தாமாகவே கழன்றன. வெற்றிலை, புகையிலை, கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவை மீதியைப் பார்த்துக்கொண்டன. ஒவ்வொரு பல் போகும்போதும் "அப்புறம் கட்டிக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்களுக்கு, ஒருநாள் பல் செட்டைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்து நின்றது. இதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை. கூலி வேலைக்குப் போகிறவருக்கு மருத்துவமனையில் ஒருநாள் என்றால் அன்றைய வருமானம் இல்லை.

தாமதம் தாடையை என்ன செய்கிறது? பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் எலும்பு, பல் இருக்கும்வரைதான் தன் அளவில் நிற்கும். பல் போனதும் அது தேயத் தொடங்கும். ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒற்றைப் பல் பிடுங்கப்பட்ட இடங்களை ஓராண்டுக்குத் தொடர்ந்து அளந்தது. சராசரியாக 12 மில்லிமீட்டர் அகலத்தில் இருந்த தாடை மேடு, ஆண்டு முடிவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. அந்தத் தேய்வில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்து முடிந்திருந்தது. இதற்கு முன்பே, 1972-ல், பல் செட் அணிந்தவர்களை இருபத்தைந்து ஆண்டுகள்வரை எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்த டால்கிரேன் என்ற ஆய்வாளரின் ஆய்வு வெளிவந்தது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது என்பதும், முதல் ஆண்டில் வேகமாக நடக்கும் தேய்வு அதன்பின் மெதுவாகத் தொடர்கிறது என்பதும் அதிலிருந்து தெரிந்தன. நீண்ட காலக் கணக்கில் கீழ்த்தாடையின் முன்பகுதி ஆண்டுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் உயரத்தை இழக்கிறது.

இந்த எண்களைப் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் எச்சரிக்கையாகச் சொல்வார்கள்: பல்லை எடுத்ததும் சீக்கிரம் இம்பிளான்ட் வையுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று. அந்த அறிவுரை சரிதான். அதே எண்களுக்குள் தாமதித்தவர்களுக்கான நல்ல செய்தியும் இருப்பதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தேய்வின் வேகமான கட்டம் முதல் ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது என்றால், அதன்பின் கடந்த ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டுமே ஒருவருக்கு வாய்ப்பில்லை என்று முடிவு செய்துவிடாது. எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற கேள்வியைவிட, இன்று எவ்வளவு எலும்பு மிச்சம், அது எந்த இடத்தில் என்ற கேள்விக்குத்தான் மதிப்பு. இதற்கு நாள்காட்டியைப் பார்த்துப் பயனில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இனிமேலும் தள்ளிப்போட்டால் மிச்சமிருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பல் செட் மட்டும் உட்கார்ந்திருக்கும் கீழ்த்தாடையைவிட, முன்பக்கத்தில் திருகு பதிந்த தாடையில் அந்தப் பகுதியின் எலும்பு குறைவாகவே தேய்கிறது.

இம்பிளான்ட் என்றாலே நேற்று பல்லை எடுத்த இளைஞருக்கானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வரலாறு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்றப் பார்த்தபோது கழற்ற முடியவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் போயிருந்தது. 1965-ல் கோதன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள் அவை அவர் வாயில் வேலை செய்தன. பிரோனமார்க்கின் தொடக்கக் கால நோயாளிகளில் பெரும்பாலோர், பற்களை முற்றிலும் இழந்து, எலும்பு தேய்ந்து, பல் செட்டை வாயில் நிறுத்தவே முடியாமல் தவித்தவர்கள். 1981-ல் அவருடைய குழு வெளியிட்ட பதினைந்து ஆண்டு அனுபவம், 371 நோயாளிகளின் பல்லில்லாத 410 தாடைகளைப் பற்றியது. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கீழ்த்தாடையில் வைத்த திருகுகளில் 91 சதவீதமும் மேல்தாடையில் 81 சதவீதமும் உறுதியாக நின்றன. அவற்றின் மேல் கட்டிய கீழ்த்தாடைப் பற்கள் ஒன்றுகூட ஆட்டம் காணவில்லை. திருகின் மேற்பரப்பிலும் அறுவை முறையிலும் பிறகு எவ்வளவோ முன்னேற்றங்கள் வந்துவிட்டன. காலம் கடந்தவர்களுக்காகவே பிறந்த சிகிச்சை இது. அவர்களிடமே போய், உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வாயின் எல்லா இடத்திலும் இது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில் பல் போய்ப் பல ஆண்டுகள் ஆனால், கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறை கீழ்நோக்கி விரிந்துவிடும். மேலேயும் கீழேயும் எலும்பு குறைந்து சில மில்லிமீட்டர்தான் மிஞ்சும். அங்கே திருகு வைக்க, சைனஸின் சவ்வை உயர்த்தி எலும்புத் துகள் நிரப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். கீழ்த்தாடையின் பின்பகுதியில் எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. மேலே எலும்பு தேயத் தேய அதற்கும் ஈறுக்கும் இடையிலான தூரம் குறையும். துளையிடும் கருவி அந்த நரம்பைத் தொட்டுவிட்டால் கீழுதட்டின் ஒரு பக்கம் மரத்துப்போய், அது மாறாமலேயே நின்றுவிடவும் கூடும். ஒரே ஒரு பல் போய் அந்த இடத்தைப் பல ஆண்டுகள் வெறுமனே விட்டிருந்தால் வேறொரு சிக்கல் வருகிறது. பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சாய்ந்திருக்கும், எதிர்ப்பல் நீண்டு இறங்கியிருக்கும். எலும்பு இருந்தும் பல் வைக்க இடம் இருக்காது. முதலில் கிளிப் போட்டு நேராக்க வேண்டிவரும். இப்போது 6 மில்லிமீட்டர் நீளக் குட்டைத் திருகுகள் பல இடங்களில் எலும்பு ஒட்டும் அறுவையைத் தவிர்க்க உதவுகின்றன. ஆனாலும் இந்த இடங்களில் தாமதத்துக்கு விலை உண்டு என்பதை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

கீழ்த்தாடையின் முன்பகுதி இவற்றிலிருந்து தப்பி நிற்கிறது. உதட்டுக்கான நரம்பு தாடையை விட்டு வெளியே வரும் துளை ஒன்று இருபுறமும் உண்டு. அவை இரண்டுக்கும் நடுவே, மோவாய்க்குப் பின்னால் இருக்கும் எலும்பு கெட்டியானது. பல்லைப் பிடித்திருந்த மேல்பகுதி தேய்ந்த பிறகும் அடிப்பகுதி நிற்கும். அந்தப் பெரிய நரம்பு அங்கே குறுக்கிடுவதில்லை. பல் செட் அதிகம் தொல்லை தருவதும் இதே கீழ்த்தாடையில்தான் என்பதால் இந்த இடம் நமக்கு முக்கியமாகிறது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்க விரிந்த பரப்பு இருக்கிறது, அது உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ் செட் குதிரை லாடம்போன்ற மெல்லிய வளையம். அதன் நடுவே நாக்கு ஓயாமல் அசைகிறது. தேய்ந்த தாடையில் அது மிதக்கும், பேசும்போது எழும்பும், ஈறில் உராய்ந்து புண்ணாக்கும். முழு செட் அணிந்தவர் கடிக்கும் விசை, இயற்கைப் பல் உள்ளவர் கடிக்கும் விசையில் கால்பங்கு அல்லது அதற்கும் கீழே. செட்டைச் செய்து வாங்கி, டப்பாவிலேயே வைத்துவிட்டு, சாப்பிடும்போது ஈறால் மென்றுகொள்ளும் பெரியவர்கள் எத்தனையோ பேர். முறுக்கும் கொய்யாவும் போகட்டும். சுண்டல், கீரைத்தண்டு, ஆட்டுக்கறி, நன்றாக மெல்ல வேண்டிய காய்கறி எல்லாமே தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகிவிடும்.

கீழ்த்தாடையின் அந்த முன்பகுதியில் இரண்டு திருகுகள், கோரைப்பற்கள் இருந்த இடத்தை ஒட்டிப் பதிக்கப்படுகின்றன. அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தாலே போதும். எலும்பு ஒன்றிச் சேர இரண்டு, மூன்று மாதம் ஆகும். பிறகு திருகின் தலையில் சிறு குமிழோ கிண்ணமோ பொருத்தி, செட்டின் அடியில் அதற்கேற்ற பிடிப்பு வைப்பார்கள். சட்டையில் டிச் பட்டன் போடுவதுபோல அழுத்தினால் செட் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் கழன்றுவிடும். நன்றாக இருக்கும் பழைய செட்டையே பல நேரங்களில் இதற்குப் பயன்படுத்தலாம். 2002-ல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு வெறும் செட் இனி முதல் தெரிவாக இருக்கக் கூடாது, இரண்டு இம்பிளான்ட் தாங்கும் செட்டே முதல் தெரிவு என்று அறிவித்தார்கள். 2009-ல் பிரிட்டனின் யார்க் நகரில் வந்த ஒருமித்த அறிக்கையும் அதையே வழிமொழிந்தது. நம் மாவட்ட மருத்துவமனைகளின் பல் பிரிவுகளுக்கு அந்த அறிவிப்பு இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

எழுபது வயதுக்காரர் வாயில் துளையிடுவது தேவையா என்ற தயக்கம் நியாயமானது. அதற்கான விடை வயதில் இல்லை, உடம்பின் நிலையில் இருக்கிறது. அறுபத்தைந்தையும் எழுபத்தைந்தையும் தாண்டியவர்களிடம் இம்பிளான்ட் நிலைத்து நிற்பது இளையவர்களை ஒட்டியே இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எலும்பு உலோகத்தோடு சேரும் திறனை முதுமை அழித்துவிடுவதில்லை. சர்க்கரை நோயை மட்டும் தனியாகப் பேச வேண்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பல் இல்லாதவர்களில் அவர்கள் நிறையவே இருப்பார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இம்பிளான்ட் செய்துகொள்ளத் தடையில்லை. மூன்று மாதச் சராசரி எகிறிக்கொண்டிருந்தால் புண் ஆறாது, தொற்று வரும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். புற்றுநோய்க்காகச் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டுக்கொள்பவர்கள், தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் ஆகியோருக்குத் தாடை எலும்பு அழுகும் ஆபத்து உண்டு. அவர்களிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் இதய மருத்துவரைக் கேட்காமல் தானாக அதை நிறுத்திவிடக் கூடாது. பாக்கு, புகையிலை மென்று மென்று வாய் திறப்பதே சுருங்கிப் போனவர்களுக்கு, எலும்பு இருந்தாலும் கருவி உள்ளே போக இடம் இருக்காது. இவ்வளவையும் கேட்டறியாமல், நேராக விலைப்பட்டியலை நீட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். பல் செட்டோ ஈறோ, எதை வைத்தோ எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருகு வைத்ததால் உடல்நலம் கூடிவிட்டது என்று நிரூபணம் இருக்கிறதா என்கிறார்கள் சிலர். இரண்டு இம்பிளான்ட் செட்டையும் சாதாரண செட்டையும் ஒப்பிட்ட சோதனைகளில், மெல்லும் திறனும் நோயாளியின் மனநிறைவும் தெளிவாகக் கூடின. உடலில் சேரும் சத்துகளில் மட்டும் எதிர்பார்த்த பெரிய வித்தியாசம் தென்படவில்லை. பத்தாண்டுகள் குழைந்த சோறும் ரசமும் ஊறவைத்த இட்லியுமாகப் பழகிய நாக்கு, பல் வந்த மறுநாளே சுண்டலுக்குத் திரும்பிவிடாது என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, பல்லோடு சேர்த்து என்ன சாப்பிடலாம், எப்படிப் பழகலாம் என்றும் சொல்லித்தர வேண்டும் என்பதுதான். அப்படி ஒரு வித்தியாசமும் வராது என்றே வைத்துக்கொண்டாலும், விருந்தில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து செட் கழன்று விழுமோ என்ற பயமில்லாமல் சாப்பிட முடிவதும், பேரப்பிள்ளைகளிடம் கையால் வாயை மூடாமல் பேச முடிவதும், ரத்தப் பரிசோதனை அறிக்கையில் தெரியாவிட்டாலும் ஒரு மனிதருக்கு உரியவை. கண்புரை அறுவையைச் சத்துக்கணக்குப் போட்டு யாரும் அளப்பதில்லை.

அளவான வழி என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எல்லாப் பல்லும் திரும்ப வேண்டும் என்ற ஆசையை வளர்த்துத்தான் பெரிய விலைகள் விற்கப்படுகின்றன. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கைசர் 1981-லேயே, கடைவாய்ப்பற்கள் போனாலும் முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலானவர்களின் வாய் போதிய அளவு வேலை செய்கிறது என்று காட்டினார். ஜப்பான் 1989-ல் தொடங்கிய இயக்கத்தின் இலக்கும் எண்பது வயதில் இருபது பல் என்பதே, முப்பத்திரண்டு அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்றை இழந்து, மற்றவற்றோடு நன்றாக மென்று கொண்டிருப்பவருக்கு, சைனஸ் உயர்த்தி எலும்பு நிரப்பி இம்பிளான்ட் வைப்பது பல நேரங்களில் வீண் செலவு. லிஸ்பனில் பாலோ மாலோ வகுத்த, நான்கு திருகுகளில் ஒரு தாடைக்கான பற்களை நிலையாகப் பூட்டும் முறை நல்ல முறைதான். வசதி உள்ளவர்கள், கையும் கண்ணும் நன்றாக இருக்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். பக்கவாதம் வந்தோ மறதி நோய் வந்தோ பராமரிப்புக்கு இன்னொருவரை நம்பியிருக்கும் நாளில், கழற்ற முடியாத அந்தப் பற்களின் அடியில் சுத்தம் செய்வது பெரும்பாடு. கழற்றி மாட்டும் செட் என்றால் மகளோ மருமகளோ வாஷ்பேசினில் கழுவித் தந்துவிடலாம். முதியவர்களுக்கு எது உயர்ந்தது என்பதை அடுத்த பத்தாண்டுகளின் தளர்ச்சியையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோல்வியும் இருக்கிறது. திருகைச் சுற்றி ஈறு வீங்கி, எலும்பு கரையும் நோய் இம்பிளான்ட் வைத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருவதாகத் தொகுப்பாய்வுகள் மதிப்பிடுகின்றன. புகைப்பவர்களுக்கும், ஈறு நோயாலேயே பல்லை இழந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். செட்டின் பிடிப்பில் இருக்கும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆகவே ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். பத்தாண்டு கழித்தும் கீழ்த்தாடை முன்பகுதித் திருகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தை ஒட்டி நிற்கின்றன என்ற ஆறுதலான எண், இப்படித் தொடர்ந்து பார்க்கப்பட்டவர்களிடமிருந்து வந்தது. வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கு அது பொருந்தாது.

கடைசியில் எல்லாம் பணத்தில்தான் வந்து நிற்கிறது. தனியார் கிளினிக்குகளில் ஒரு இம்பிளான்ட், மேலே வைக்கும் பல்லோடு சேர்த்து, சாதாரணமாக ₹25,000-லிருந்து ₹50,000வரை ஆகிறது. அதற்கு மேலும் வாங்குகிறார்கள். நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பல்லை விலக்கியே வைத்திருக்கின்றன. அதே காப்பீட்டுத் திட்டங்கள் முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பணம் தருகின்றன. ஒருவர் நடப்பதற்கு உதவும் செயற்கை மூட்டு மருத்துவம் என்றால், ஒருவர் உண்பதற்கு உதவும் இரண்டு திருகுகள் அழகு சாதனம் ஆவது எப்படி? நெதர்லாந்தின் கட்டாய அடிப்படைக் காப்பீடு இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பெரியவர்களின் பெரும்பாலான பல் சிகிச்சைக்கு அது பணம் தராது. பல்லே இல்லாமல் எலும்பு மிகத் தேய்ந்த தாடைக்கு இம்பிளான்ட் தாங்கும் செட் என்றால், சிறு பங்கை நோயாளியிடம் விட்டு மீதியை ஏற்கிறது. கர்நாடகம் பத்தாண்டுகளுக்கு முன்பே 'தந்த பாக்யா' என்ற திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் முதியவர்களுக்கு முழுப் பல் செட்டை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. பக்கத்து மாநிலம் எடுத்து வைத்த அந்த அடிக்கு அடுத்த அடியாக, கீழ் செட்டை இரண்டு திருகுகளில் நிறுத்துவதைத் தமிழ்நாடு செய்யலாம்.

அதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. 1953-லிருந்து இயங்கும் சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநிலத்தில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கின்றன. செட் கட்டும் துறையில் முதுநிலை படிக்கும் மாணவர்களும், அவர்கள் பயில நோயாளிகளும் அங்கேயே இருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், செட் வைத்திருந்தும் போடாமல் இருக்கும் முதியவர்களைக் கேட்டுப் பதிவு செய்தாலே யாருக்குத் தேவை என்ற பட்டியல் கிடைத்துவிடும். கீழ் செட்டைப் போட்டுப் பார்த்து முடியாமல் போனவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள், வாய் திறப்பு போதுமானவர்கள் என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனிகளிடம் மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது திருகின் விலை எவ்வளவு குறையும் என்பதை, மருந்துக் கொள்முதலில் பல ஆண்டு அனுபவமுள்ள இந்த மாநிலத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு திருகுக்கும் பணம் ஒதுக்க முடியாது என்று நிதித்துறை கைவிரித்தால், கனடாவின் வான்கூவரில் செய்த சோதனை ஒன்றை அவர்கள் முன் வைக்கலாம். கீழ்த்தாடையின் நட்ட நடுவே ஒரே ஒரு திருகு வைத்தவர்களையும் இரண்டு வைத்தவர்களையும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டதில், நோயாளிகளின் மனநிறைவில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.